அம்புலிமாமா கதை: ஒரு ஏச்சு நடந்த தூரம்

திண்டுக்கல் பக்கத்தில் ஒருவன் நம்பும்படி இல்லாத எதையாவது சொல்ல ஆரம்பித்தால், அவன் வாயை அடைக்கச் சில வாசகங்கள் தயாராக இருக்கும். ‘ரீல் விடாதடா’ என்பது ஒன்று. ‘காதுல பூ சுத்தாத மாப்ள’ என்பது இன்னொன்று. இந்த இரண்டும் சொல்கிறவனைப் பொய்யன் ஆக்கும், அதோடு விட்டுவிடும். மூன்றாவதாக ஒன்று உண்டு: ‘அம்புலிமாமா கதையெல்லாம் இங்க வேணாம்.’ இது அவனைச் சின்னப் பையன் ஆக்கிவிடும். பொய்யன் என்று பெயர் வாங்கியவன் பதிலுக்குச் சண்டை போடலாம். சின்னப் பையன் ஆக்கப்பட்டவன் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போக வேண்டியதுதான்.

தாடிக்கொம்பு டீக்கடை பெஞ்சுகளில் இதை நிறையக் கேட்டிருக்கிறேன். வேற்றுக் கிரகப் படம் பார்த்துவிட்டு வந்து கதை சொல்கிற பையன் மேல் விழும். வருங்காலத்தில் இயந்திரம்தான் களை எடுக்கும், மருந்தடிக்கும் என்று சொன்ன விவசாயி மேல் விழும். தேர்தல் வந்தால் எதிர்க்கட்சி தரும் வாக்குறுதி மேல் விழும். அறிவியல் கதைகளை விரும்பிப் படிக்கிறவன் என்ற முறையில் என் மேலும் விழுந்திருக்கிறது. அதனாலேயே இந்தச் சொல் எங்கே பிறந்தது, யார் கை மாறி வந்தது என்று தேடிப் போனேன். தேடிய வழியில், கடல் கடந்த ஊர்களில் இதற்குப் பங்காளிகள் பலர் இருப்பதும் தெரிந்தது.

பிறந்த இடம் கௌரவமானது. 1947 ஜூலையில், நாடு விடுதலை அடைய ஒரு மாதம் இருக்கும்போது, நாகிரெட்டியும் சக்கரபாணியும் சென்னையில் குழந்தைகளுக்காக ஒரு மாத இதழ் தொடங்கினார்கள். தெலுங்கில் ‘சந்தமாமா’, தமிழில் ‘அம்புலிமாமா’. பிறகு ஒவ்வொன்றாகப் பல இந்திய மொழிகள் சேர்ந்தன. படம் ஒன்றே, கதை ஒன்றே, மொழி மட்டும் மாறும். 1952 முதல் 1980ல் இறக்கும் வரை அதன் ஆசிரியப் பொறுப்பைச் சுமந்தவர் கொடவடிகண்டி குடும்பராவ். தெலுங்கு நவீன இலக்கியத்தில் பெரிய பெயர் அவர். பெரியவர்களுக்கு எழுதும்போது காட்டிய கவனத்தை அவர் குழந்தைகளுக்கான வாக்கியங்களிலும் குறைக்கவில்லை. அந்த இதழின் நடையை இப்போது எடுத்துப் படித்தாலும் சுளீரென்று இருக்கும். வர்ணனை கிடையாது, உபதேசம் குறைவு. மூன்றாவது வரியில் கதை தொடங்கிவிடும்.

ஓவியர் சங்கரைச் சொல்லாமல் நகர முடியாது. ஈரோட்டுப் பக்கத்துக்காரர். 1952ல் அம்புலிமாமாவில் சேர்ந்து ஏறத்தாழ 60 ஆண்டுகள் அங்கேயே வரைந்தார். 2020ல் மறைந்தார். உருவிய வாளோடு, தோளில் பிணத்தைச் சுமந்து, சுடுகாட்டில் நடந்து வரும் விக்கிரமாதித்தன் படம் அவருடையது. அந்த ஒரு படத்தைப் பார்த்து ராத்திரி தூங்காமல் கிடந்த பிள்ளைகள் எத்தனை லட்சம் பேர்! அதே பிள்ளைகள்தான் வளர்ந்த பிறகு அந்த இதழின் பெயரை ஏச்சாக்கினார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. படிக்காதவன் வாயில் பிறந்த வசவில்லை இது.

நாகிரெட்டியும் சக்கரபாணியும் சினிமாக்காரர்கள். அவர்களுடைய விஜயா புரொடக்ஷன்ஸ் 1951ல் ‘பாதாள பைரவி’யையும் 1957ல் ‘மாயாபஜார்’ படத்தையும் எடுத்தது. இரண்டையும் இயக்கியவர் கே.வி. ரெட்டி. கல்யாண விருந்து மொத்தத்தையும் கடோத்கஜன் ஒரே மூச்சில் உள்ளே தள்ளும் காட்சியை எடுத்த ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி, ஸ்டூடியோவுக்குள் நிலா வெளிச்சத்தை உண்டாக்குவதில் பேர் போனவர். தமிழ், தெலுங்கு மக்களுக்கு இருபதாம் நூற்றாண்டில் அதிசயம் என்றால் எப்படி இருக்கும் என்று வரைந்தும் படம்பிடித்தும் காட்டியது வடபழனியின் இந்த ஒரே வட்டம். ஒரு காலத்தின் கற்பனைக்கு அவர்கள் உருவம் கொடுத்தார்கள். பின்னால் அந்தக் கற்பனையை மட்டம்தட்ட ஒரு பெயர் தேவைப்பட்டபோது, கைக்கு எட்டும் தூரத்தில் இருந்ததும் அவர்கள் பெயர்தான்.

ஏன் மட்டம்தட்ட வேண்டியிருந்தது? தாடிக்கொம்பில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்டால் அது கொஞ்சம் கூர்மையாகக் குத்தும். எங்கள் சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில், தாயார் சன்னதிக்கு முன்னால் உள்ள ரங்க மண்டபத்தின் தூண்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உலகளந்த பெருமாள் ஒரு காலை மேலே தூக்கி நிற்கிறார். நரசிம்மர் இரணியனை மடியில் போட்டுக் கிழிக்கிறார். கார்த்தவீரியார்ஜுனன், அகோர வீரபத்திரர், ரதி, மன்மதன் என்று ஒவ்வொன்றும் ஆளுயரம். நரம்பும் நகமும் கல்லில் தெரியும். இந்தத் தூண்களைச் சுற்றி வந்த பிள்ளைக்கு அப்பத்தா கதை சொல்லும்போது ‘இது எப்படி நடக்கும்?’ என்று யாரும் குறுக்கே கேட்பதில்லை. அளக்க முடியாததை ஓர் அடியில் அளப்பதைக் கற்பனை செய்யும் பழக்கம் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கோயிலிலேயே வந்துவிடுகிறது. அதே பிள்ளை பெரியவனாகி, ஒளியை விட வேகமாகப் போகும் கப்பலைப் பற்றி ஒரு கதை சொன்னால், அதே பெஞ்சில் அதே பெரியவர்கள் அவனை அம்புலிமாமாவுக்கு அனுப்புகிறார்கள்.

இதற்கு மூன்று காரணங்கள் எனக்குத் தெரிகின்றன. ஒன்று, நம்பிக்கைக்கும் கதைக்கும் இடையில் ஊர் போட்டு வைத்திருக்கும் வேலி. கோயில் தூணில் இருப்பது வரலாறு, நீ சொல்வது கதை. இரண்டாவது, வேலியின் அடுத்த பக்கத்திலிருந்து வந்தது. பகுத்தறிவு இயக்கம் மேடைகளில் புராணத்தைப் ‘புளுகு’ என்று அடித்தது. சாதியையும் சடங்கையும் தாங்கி நின்ற கதைகளை அடிக்க வேண்டிய காலம் அது. அந்த அடியின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அடியில் ஒரு பங்கு, யாரையும் அடக்காத, யாரையும் தாழ்த்தாத வெறும் அதிசயக் கதையின் முதுகிலும் விழுந்தது. மூன்றாவது காரணம் சாதாரணமானது, ஆனால் மற்ற இரண்டையும் விட வலியது: பரீட்சை. பாடப்புத்தகம் அல்லாத எதுவும் வீண் என்று நினைத்த வீடுகளில் மாயமந்திரமும் ராக்கெட்டும் ஒரே குப்பைக் கூடைக்குத்தான் போயின. பக்தரும் பகுத்தறிவாளரும் கணக்கு வாத்தியாரும் ஒரே சொல்லைச் சொல்ல ஒத்துக்கொண்ட இடம் இது ஒன்றுதான்.

இப்போது கடல் கடந்து போவோம். அமெரிக்காவில் ஹியூகோ கெர்ன்ஸ்பாக் 1926 ஏப்ரலில் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ என்ற இதழைத் தொடங்கினார். அறிவியல் கதைகளுக்கு மட்டுமே என்று வந்த முதல் ஆங்கில இதழ் அது. வாசகர் கடிதங்களைப் போடும்போது அவர் எழுதியவரின் முழு முகவரியையும் சேர்த்துப் போட்டார். தனித்தனியாக எங்கெங்கோ உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த பையன்கள் அந்த முகவரிகளைப் பார்த்து ஒருவருக்கொருவர் எழுத ஆரம்பித்தார்கள். பிறகு சங்கம் வைத்தார்கள், கையால் சுற்றும் பிரதி இயந்திரத்தில் சிற்றிதழ் அச்சடித்தார்கள், மாநாடு கூட்டினார்கள். உலகில் இன்று ‘ரசிகர் வட்டம்’ என்று எதையெல்லாம் சொல்கிறோமோ அதில் பாதிப் பழக்கங்கள் அங்கே உருவானவை.

அவர்களுக்கும் ஓர் ‘அம்புலிமாமா’ இருந்தது. 1928 ஆகஸ்டில் அதே இதழில் வந்த பிலிப் பிரான்சிஸ் நோலனின் கதை ஒன்று 1929 ஜனவரியில் பத்திரிகைப் படக்கதையாக மாறியது. நாயகன் பெயர் பக் ராஜர்ஸ். படக்கதை ஊரெல்லாம் புகழ் பெற்றது. அதோடு ராக்கெட், கதிர்த் துப்பாக்கி, விண்வெளி என்று யார் பேச்செடுத்தாலும் ‘இதெல்லாம் பக் ராஜர்ஸ் சமாச்சாரம்’ என்று ஒதுக்குவது வழக்கமானது. சொன்ன தொனியும் நம்ம ஊர்த் தொனிதான்: நீ இன்னும் வளரவில்லை.

கதை எழுதினவர்களுக்கு மட்டும் இந்த ஏளனம் என்று நினைக்க வேண்டாம். ராபர்ட் காடார்டு என்ற பௌதிகப் பேராசிரியர், ராக்கெட்டால் நிலவுக்கே போக முடியும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். 1920 ஜனவரியில் ‘நியூயார்க் டைம்ஸ்’ தலையங்கம் எழுதி அவரைக் கேலி செய்தது. வெற்றிடத்தில் ராக்கெட்டுக்கு உந்த எதுவும் இருக்காது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குத் தெரிந்தது இவருக்குத் தெரியவில்லை என்ற தோரணை அதில். 1969 ஜூலை 17ல், அப்போலோ 11 நிலவை நோக்கிப் பறந்துகொண்டிருந்தபோது, அதே பத்திரிகை வருத்தம் தெரிவித்தது. காடார்டு 1945லேயே இறந்துவிட்டிருந்தார். ஏளனம் உடனே போய்ச் சேர்ந்துவிட்டது. வருத்தத்துக்கு 49 ஆண்டுகள் ஆயின.

இனிமேல் வருவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வெளியாரிடம் ஏச்சு வாங்கிய அந்த ரசிகர்கள் என்ன செய்தார்கள்? தங்களுக்குள் கீழே ஒருவனைத் தேடினார்கள். வாங்கிய அடியை அப்படியே அவன் மேல் இறக்கினார்கள்.

இல்லினாயில் வில்சன் டக்கர் என்றொரு ரசிகர் இருந்தார். சினிமா தியேட்டரில் ஆபரேட்டர். ‘லெ ஜோம்பி’ என்ற பெயரில் சிற்றிதழ் நடத்தினார். வானொலியில் சோப்புக் கம்பெனிகள் விளம்பரம் கொடுத்து நடத்திய அழுகைத் தொடர்களுக்கு ‘சோப் ஆப்பரா’ என்றும், தேய்ந்துபோன கௌபாய் கதைகளுக்குக் ‘குதிரை ஆப்பரா’ என்றும் பெயர் இருந்தது. 1941ல் டக்கர் அதே அச்சில் ‘ஸ்பேஸ் ஆப்பரா’ என்று ஒரு சொல்லை வார்த்தார். அரைத்த மாவையே அரைக்கும் விண்கப்பல் கதைகளைத் திட்டத்தான் அந்தச் சொல். வீட்டுக்கு வெளியே ‘பக் ராஜர்ஸ் சமாச்சாரம்’ என்ற பேச்சைக் கேட்டவர்கள் வீட்டுக்குள்ளே ‘அது ஸ்பேஸ் ஆப்பரா, நாங்கள் படிப்பது வேறு’ என்று சொல்லிக்கொள்ள ஒரு வசதி கிடைத்தது.

அதற்கு முன்னும் பின்னும் இப்படி எத்தனையோ. அட்டையில் வரும் முட்டைக்கண் அரக்கர்களைக் கிண்டல் செய்ய ‘பெம்’. அறிவியல் கதை படிக்காத வெளியுலகத்தாரை ஒதுக்க ‘மண்டேன்’. 1954 வாக்கில் பாரஸ்ட் அக்கர்மன் ஆசையோடு பரப்பிய ‘சை-ஃபை’ என்ற சுருக்கத்தையே பழைய ரசிகர்கள் இழிவாக நினைத்தார்கள். மட்டமான சினிமாவைக் குறிக்க அதை வேண்டுமென்றே கோணலாக்கி ‘ஸ்கிஃபி’ என்று உச்சரித்தார்கள். தொலைக்காட்சியில் ‘ஸ்டார் ட்ரெக்’ வந்ததும் புதிதாகப் பெண்களும் சிறுவர்களும் பெருங்கூட்டமாக உள்ளே வந்தார்கள். புத்தக ரசிகர்கள் அவர்களை ‘ட்ரெக்கி’ என்று சற்றே இளக்காரமாக அழைத்தார்கள். அந்தப் பெயர் பிடிக்காதவர்கள் தங்களை ‘ட்ரெக்கர்’ என்று திருத்திக்கொண்டார்கள். அந்த ட்ரெக் ரசிகர்களும் சும்மா இருக்கவில்லை. 1973ல் பாலா ஸ்மித் தன் சிற்றிதழில் ஒரு சின்னப் பகடிக்கதை எழுதினார். பதினைந்தரை வயதில் விண்கப்பல் அதிகாரியாகி, எல்லோரையும் காப்பாற்றி, எல்லோரையும் அழவைத்துச் செத்துப்போகும் பெண் அதன் நாயகி. பெயர் மேரி சூ. ரசிகைகள் எழுதிய ஆசைக்கதைகளைக் கேலி செய்த பெயர் அது. இன்று திரையில் கொஞ்சம் திறமையோடு எந்தப் பெண் வந்தாலும் அவள் மேல் எறிகிறார்கள். பாலா ஸ்மித் எறிந்த தூரத்தைத் தாண்டி எங்கோ போய்விட்டது அந்தக் கல்.

சொற்களோடு நிற்காத நேரமும் உண்டு. 1939ல் நியூயார்க்கில் கூடிய முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டின் வாசலிலேயே, பிரெடெரிக் போல், டொனால்டு வோல்ஹைம் உள்ளிட்ட ஆறு ரசிகர்களை, மாநாட்டை நடத்திய ரசிகர்களே உள்ளே விடாமல் நிறுத்தினார்கள். எல்லோரும் இளைஞர்கள். எல்லோரும் ஒரே இதழ்களைப் படித்து வளர்ந்தவர்கள். வெளியே மொத்த உலகமும் இரு பிரிவினரையும் சேர்த்தே சிரித்துக்கொண்டிருந்தது.

இந்தக் கதைக்கும் தாடிக்கொம்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், நேரடியாக ஒரு நூல் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு வருகிறேன்.

இங்கிலாந்தில் கென் புல்மர் என்றொரு ரசிகர். சிற்றிதழ்கள் நடத்தியவர். ரசிகர்கள் சில்லறை சில்லறையாகப் பணம் சேர்த்து, அட்லாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கம் ஒருவரை அனுப்பும் நிதி ஒன்று இருந்தது. அந்த நிதியில் 1955ல் அமெரிக்க மாநாட்டுக்குப் போய் வந்தவர் அவர். டக்கர் திட்டிய வகையிலேயே விண்வெளிக் கதைகளை மளமளவென்று எழுதித் தள்ளியவரும் அவரே. 1962ல் ‘வேலியண்ட்’ என்ற பிரிட்டிஷ் சிறுவர் வார இதழில் அவர் எழுத, ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசுஸ் பிளாஸ்கோ வரைய, ஒரு படக்கதை தொடங்கியது. சோதனைச்சாலை உதவியாளன் ஒருவனுக்கு ஒரு கை போய்விடுகிறது, அதன் இடத்தில் இரும்புக் கை. மின்சாரம் பாய்ந்தால் உடல் முழுவதும் மறைந்து, கை மட்டும் காற்றில் மிதக்கும்.

தமிழ் வாசகருக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. 1972ல் சிவகாசியில் சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழே ‘இரும்புக்கை மாயாவி’. லூயிஸ் கிராண்டெல் என்ற வெள்ளைக்காரன், திண்டுக்கல், வத்தலக்குண்டு, வேடசந்தூர்ப் பையன்களுக்கு அத்தை மகனைவிட நெருக்கமானவன் ஆனான். பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்த அந்தப் புத்தகங்களை ஓரக்கண்ணால் படித்தே பாதிக் கதையை முடித்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் முகவரி போட்டு வளர்ந்த ரசிகர் உலகத்தின் ஒரு வேர், யாருக்கும் தெரியாமல், பட்டாசும் தீப்பெட்டியும் செய்யும் ஊர் வழியாக எங்களிடம் வந்து சேர்ந்தது. எந்தப் பேராசிரியரும் எந்த அகாடமியும் அதைக் கொண்டுவரவில்லை.

கூடவே ஏச்சும் வந்தது. வீட்டில் அதற்குப் பெயர் ‘பொம்மை புக்கு’. ‘பொம்மை புக்கு படிச்சே உருப்படாமப் போயிட்டான்’ என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் எங்களுக்குள் நாங்கள் செய்ததும் அமெரிக்கப் பையன்கள் செய்ததும் ஒன்றுதான். முத்து காமிக்ஸ் படிக்கிறவன், அம்புலிமாமா படிக்கிறவனை மதிக்க மாட்டான். ‘அது பேய்க்கதை, இது விஞ்ஞானம்’ என்பான். 1984ல் ராணி காமிக்ஸ் வந்தது. அது தன் பங்குக்கு முகமூடி போட்ட காட்டு வீரன் ஃபேண்டமுக்கு ‘மாயாவி’ என்றே பெயர் வைத்தது. அவ்வளவுதான், எந்த மாயாவி அசல், எது டூப்ளிகேட் என்று ஸ்கூல் கிரவுண்டில் சண்டை. விலை குறைந்த புத்தகத்தைப் படிக்கிறவன் மட்டம் என்று ஒரு கணக்கு. லயன், முத்து, ராணி காமிக்ஸ், அம்புலிமாமா எல்லாவற்றையும் சேர்த்து ‘பொம்மை புக்கு’ என்று பெரியவர்கள் ஒரே கட்டாகக் கட்டிப் பரணில் போட்டார்கள். நாங்களோ அந்தக் கட்டுக்குள் யார் மேல் யார் கீழ் என்று அடித்துக்கொண்டிருந்தோம்.

சினிமாவிலும் ஒரு துணை ஏச்சு வளர்ந்தது: ‘விட்டலாச்சார்யா படம்.’ உடுப்பிப் பக்கத்தில் பிறந்து தெலுங்கில் படம் எடுத்த பி. விட்டலாச்சார்யா, குறைந்த பணத்தில் பேயையும் பறக்கும் பாயையும் காட்டியவர். 1978ல் வந்த ‘ஜெகன்மோகினி’ தமிழ்நாட்டு டூரிங் டாக்கீஸ்களைக் கலக்கியது. அடுப்பில் விறகுக்குப் பதில் தன் காலையே வைத்து எரிக்கும் பேயை அந்தத் தலைமுறையில் யாரும் மறக்கவில்லை. இன்று கணினியில் செய்த காட்சி கொஞ்சம் சறுக்கினாலும் விட்டலாச்சார்யா பெயரை இழுக்கிறார்கள். எனக்கு இது அநியாயமாகப் படுகிறது. அந்த மனிதர் கேமராவை நிறுத்தி, ஆளை நகர்த்தி, மறுபடி ஓடவிட்டு, கையில் இருந்ததை வைத்துச் செய்தார். கோடிகளைக் கொட்டியும் சறுக்குகிறவர்களுக்கு அவர் பெயர் ஏச்சாக இருக்க முடியாது. அளவுகோலாக வேண்டுமானால் இருக்கலாம்.

(நடிகர்களின் ரசிகர்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொள்ளும் சொற்கள் வேறு வம்சம். அவை ஆளைச் சுற்றியவை. கற்பனையைச் சுற்றியவை அல்ல. இங்கே அவற்றைத் தொடவில்லை.)

தமிழ் சினிமா அறிவியல் கதையைத் தொடவே இல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. 1952ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கர்களோடு சேர்ந்து எடுத்த ‘காடு’ படத்தில், எப்போதோ அழிந்துபோன மாமத யானைகள் திரும்பி வந்து காட்டைக் கலக்குகின்றன. நம்ம ஊர் யானைகளுக்கு முடி ஒட்டி அதைச் செய்தார்கள். 1963ல் ஏ. காசிலிங்கம் இயக்கிய ‘கலை அரசி’யில், இசை தெரியாத வேற்றுக் கிரகத்தவர் பாட்டுக் கற்றுக்கொடுக்க ஆள் தேடி வந்து பானுமதியைத் தூக்கிப் போகிறார்கள். எம்.ஜி.ஆர். விண்வெளிக்குப் போகிறார். இசைக்காகக் கடத்தல் என்பது எவ்வளவு அழகான யோசனை! வேற்றுக் கிரகத்தவர் என்றால் பூமியை அழிக்க வருவார்கள் என்றே உலகம் முழுவதும் படமெடுத்த காலத்தில், நம்மவர்கள் அவர்களைப் பாட்டு வாத்தியார் தேடி அனுப்பினார்கள். இந்தப் படத்தை ஒரு வேடிக்கையாக மட்டும் நினைவு வைத்திருக்கிறோம். நமக்கென்று ஒரு மரபின் முதல் அடியாக அதை யாராவது எடுத்துக்கொண்டிருந்தால் அடுத்த அடி வேறு மாதிரி விழுந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஏச்சு செய்த உண்மையான சேதம் எழுத்தில் இருக்கிறது. சுஜாதா என்ற எஸ். ரங்கராஜன் பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளர். மின்னணு வாக்குப் பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் அவருக்குப் பங்கு உண்டு. அவர் 1980களில் ஆனந்த விகடனில் ‘என் இனிய இயந்திரா’வை எழுதியபோது, ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டி தமிழ் வீடுகளுக்குள் ஓடி வந்தது. பேசும், படிக்கும், ஜோக் அடிக்கும், கடைசியில் எல்லோரையும் அழவைக்கும். ஒரு வாரமும் யாரும் ‘நாய் எப்படிப் பேசும்?’ என்று கேட்காதபடி அவர் எழுதினார். அந்த லாகவம் அவருக்கு இருந்தது. அவருக்குப் பின்னால் வந்த பலருக்கு இல்லை. தங்கள் கதையை அம்புலிமாமா என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் பத்திக்குப் பத்தி விளக்கம் எழுதினார்கள். கதை நடுவில் விஞ்ஞானி ஒருவர் வந்து கரும்பலகையில் பாடம் எடுப்பார். காலம் ஏன் வளைகிறது என்று இரண்டு பக்கம் விளக்கம் வரும், ஆனால் காலம் தாண்டிப் போனவளுக்கு அம்மாவைப் பார்த்தபோது என்ன ஆனது என்பது இரண்டு வரியில் முடிந்துவிடும். திட்டு வாங்கியவன் திட்டியவனையே மனதில் வைத்து எழுதினால் இப்படித்தான் ஆகும். விக்கிரமாதித்தன் கதை, வேதாளம் எப்படிப் பேசும் என்று விளக்கம் சொல்லவில்லை. மௌனம் கலைந்தால் பிணம் மரமேறும் என்பது அந்தக் கதையின் விதி. விதியைச் சொல்லிவிட்டு அதை மீறாமல் இருந்தால் போதும், கேட்பவன் நம்புவான். அறிவியல் கதைக்கும் அடிப்படை அதுதான். அம்புலிமாமாவை ஒழுங்காகப் படித்தவனுக்கு அறிவியல் கதை எழுதும் பாதிப் பாடம் அங்கேயே கிடைத்திருக்கும்.

அந்தப் பக்கம் ‘ஸ்பேஸ் ஆப்பரா’ என்ன ஆனது? திட்டுவதற்குப் பிறந்த சொல் மெல்ல மெல்லத் திட்டு வாங்கியவர்கள் கைக்கே வந்தது. 1974ல் பிரையன் ஆல்டிஸ் அந்தப் பெயரையே தலைப்பாக வைத்து ஒரு தொகுப்பு கொண்டுவந்தார். 1977ல் ‘ஸ்டார் வார்ஸ்’ வந்தது. இன்று ஆங்கிலப் புத்தகக் கடைகளில் அது ஒரு வகைமையின் பெயர். எழுதுகிறவர்கள் பெருமையோடு போட்டுக்கொள்கிறார்கள். ‘ட்ரெக்கி’க்கும் கிட்டத்தட்ட அதே கதி. அறுபது எழுபது ஆண்டுகள் பிடித்தாலும் சொல் திரும்பி நின்றுவிட்டது.

நம்ம ஊரில் சொல் திரும்பவில்லை, ஆனால் உலகம் திரும்பிவிட்டது. அம்புலி என்றால் நிலா. பொள்ளாச்சி பக்கத்துக் கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை திட்ட இயக்குநராக இருந்து சந்திரயான்-1ஐ 2008 அக்டோபரில் அனுப்பினார். விழுப்புரத்துக்காரர் ப. வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3, 2023 ஆகஸ்ட் 23ல் நிலவின் தென் துருவப் பக்கம் பத்திரமாக இறங்கியது. இறங்குவதற்கு முன் கருவிகளைச் சோதித்துப் பார்க்க நிலா மண்ணைப் போன்ற மண் வேண்டியிருந்தது. நிலவின் மேட்டு நிலங்களில் இருக்கும் அனார்த்தசைட் வகைப் பாறை நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் கிடைக்கிறது. அதைப் பொடித்துத்தான் இஸ்ரோ தன் சோதனைக் களத்தில் பரப்பியது. தாடிக்கொம்பிலிருந்து கரூர் ரோட்டில் வடக்கே போனால், கரூர் தாண்டிக் காவிரி தாண்டியதும் வரும் பூமி அது. மேற்கே பார்த்தால் கொடைக்கானல் மலை. 1899ல் நிறுவிய சூரிய ஆய்வகம் அங்கே இருக்கிறது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதை ஜான் எவர்ஷெட் 1909ல் கண்டுபிடித்தது எங்கள் மாவட்டத்து மலையின் மேல் நின்றுதான். ஒரு பக்கம் சூரியனை அளக்கும் மலை, இன்னொரு பக்கம் நிலாவுக்கு ஒத்திகை பார்த்த பாறை. இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, வானத்தைப் பற்றி ஒரு பையன் கதை சொன்னால் ‘அம்புலிமாமா’ என்று அடக்குகிறோம்.

இதழ் இப்போது இல்லை. 2007ல் நிர்வாகம் கை மாறியது, 2013 வாக்கில் வருவதே நின்றுபோனது. பழைய பிரதிகளைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். லயன், முத்து காமிக்ஸ் வாசகர்கள் ஈரோடு புத்தகத் திருவிழாச் சமயத்தில் கூடுகிறார்கள். தலை நரைத்தவர்கள் பேரப்பிள்ளைகளோடு வந்து மாயாவியைப் பற்றிப் பேசுகிறார்கள். ‘பொம்மை புக்கு’ என்ற பழைய ஏச்சை அவர்களே சிரித்துக்கொண்டு சொல்லிக்கொள்கிறார்கள், அதில் புண் ஆறிவிட்டது. ‘அம்புலிமாமா கதை’ மட்டும் இன்னும் ஆறவில்லை. இதழைக் கண்ணால் பார்த்தே இராத இருபது வயதுப் பையன்கள்கூட அதை ஏச்சாகவே சொல்கிறார்கள். பிள்ளைப் பருவத்தில் சங்கரின் படத்தைப் பார்த்து நடுங்கியவன் சொன்னபோது அந்தச் சொல்லில் கொஞ்சமாவது பாசம் ஒட்டியிருந்தது. இப்போது சொல்கிறவர்களிடம் அதுவும் இல்லை.

ஜாக் ஸ்பீர் என்ற ரசிகர் 1944ல், தன் வட்டத்தில் புழங்கிய சொற்களையெல்லாம் தொகுத்து ‘ஃபேன்சைக்ளோபீடியா’ என்று ஓர் அகராதி வெளியிட்டார். ரசிகர்களின் செல்லப் பெயர்கள், குழூஉக்குறிகள், ஏச்சுகள் எல்லாம் அதில் உண்டு. நமக்கும் அப்படி ஒன்று வேண்டும். சிவகாசிக் காமிக்ஸ் வாசகர்கள், சுஜாதா வாசகர்கள், டூரிங் டாக்கீஸில் ‘ஜெகன்மோகினி’ பார்த்தவர்கள், வடபழனி ஸ்டூடியோக்களில் நூல் கட்டி ஆளைப் பறக்கவிட்டவர்கள் இன்னும் இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும். ‘பொம்மை புக்கு’, ‘டூப்ளிகேட் மாயாவி’, ‘விட்டலாச்சார்யா படம்’, ‘காதுல பூ’, ‘ரீல்’ என்று ஒவ்வொரு சொல்லையும் எந்த ஊரில், யார் யாரிடம், எதைப் பார்த்துச் சொன்னார்கள் என்ற விவரத்தோடு பதிய வேண்டும். அகர வரிசைப்படி ‘அம்புலிமாமா கதை’ முதல் பக்கங்களிலேயே வரும். அதற்கு எதிரே 1947 ஜூலை என்ற தேதியும், குடும்பராவ், சங்கர் என்ற பெயர்களும் இருக்க வேண்டும்.